இடக்கையால் வரைந்த எகிப்து

அபூ சிம்பல் கோயில் வாசலில் மணலில் புதைந்து உட்கார்ந்திருக்கும் பெரிய அரசச் சிலைகள். பெட்ராவின் செம்பாறையில் குடைந்தெடுத்த மாளிகை முகப்பு. மணற்புயல் நெருங்க, சிவந்த சூரியனுக்கு முன்னால் அசையாமல் கிடக்கும் ஸ்பிங்க்ஸ். இந்தப் படங்களில் ஒன்றையாவது பார்க்காதவர்கள் குறைவு. பாடப் புத்தகத்தில் வந்திருக்கும், வாழ்த்து அட்டையில் வந்திருக்கும், ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறைச் சுவரில் தொங்கியிருக்கும். டேவிட் ராபர்ட்ஸ் வரைந்தவை என்று உலகம் சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் நாம் பார்க்கும் கோடு ராபர்ட்ஸ் இழுத்த கோடு அல்ல. அதை இழுத்தவர் லூயி ஹாக் என்ற பெல்ஜியக்காரர். பிறவியிலேயே வலக்கை ஊனமானவர். இடக்கையால் மட்டுமே வரைந்தவர்.

ஓவியக் கல்லூரியில் அச்சோவியப் பிரிவில் கல்லச்சு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்கள் ராபர்ட்ஸின் படம் எதையாவது நூலகத்திலிருந்து எடுத்து வந்து வியக்கும்போதெல்லாம், "கீழே ஓரத்தில் என்ன போட்டிருக்கு, படிங்க" என்பேன். இடப்பக்கம் ராபர்ட்ஸின் பெயர் இருக்கும். வலப்பக்கம் பொடி எழுத்தில் 'எல். ஹாக், லித்.' என்று, அதாவது கல்லில் வரைந்தவர் எல். ஹாக் என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருப்பார்களா என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கிடைக்காததால் நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

துர்னே, பிரெஞ்சு எல்லையை ஒட்டி ஷெல்ட் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர். ஐந்து கோபுரங்கள் எழும்பிய பேராலயம் அதன் அடையாளம். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரிய ஓவியர் ரோகியர் வான் டெர் வெய்டன் பிறந்த ஊரும் அதுதான். அங்கே 1806 மார்ச் 17 அன்று ஒரு கட்டடக் கலைஞரின் மகனாக ஹாக் பிறந்தார். அப்போது பெல்ஜியம் என்றொரு நாடே கிடையாது. துர்னே நெப்போலியனின் பிரான்சுக்குள் இருந்தது. அவர் வீழ்ந்தபின் நெதர்லாந்து அரசுக்குப் போனது. 1830 புரட்சியில் பெல்ஜியம் தனி நாடாக எழுந்தபோது, இருபத்து நான்கு வயது ஹாக் லண்டனில் தொழில் செய்துகொண்டிருந்தார். பெல்ஜிய ஓவியர் என்று எல்லாக் கலைக்களஞ்சியங்களும் எழுதுகிற இவர், பெல்ஜியம் என்ற நாட்டில் நிலையாகக் குடியிருந்ததே இல்லை. ஆனாலும் பிறந்த ஊரின் கல் கட்டடங்கள் அவர் கையைவிட்டுப் போகவில்லை. அது பிறகு வருகிறது.

வரைபடமும் அளவுகோலும் புழங்கிய வீட்டில் முதல் பாடம் அப்பாவிடம். பிறகு ஷெவாலியே த லா பாரியேர் என்ற ஆசிரியரிடம் நீர்வண்ணம் பழகினார். அந்த ஆசிரியரே துர்னேயில் கல்லச்சு தொடங்கியவர்களில் ஒருவர். தெவாம் என்பவர் அங்கே நடத்திய அச்சுக்கூடத்தில், நாட்டுக் காட்சிகளைப் படத் தொகுதிகளாக வெளியிடும் வேலை நடந்தது. அந்தத் தொகுதிகளுக்குக் கல்லில் வரையும் பிள்ளையாக ஹாக் உள்ளே வந்தார். மீசை அரும்பும் வயது. தொழிலும் இளம் தொழில்தான்.

அந்தத் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் ஹாக் செய்த காரியம் விளங்காது.

ஜெர்மனியின் பவேரியாவில் சொல்ன்ஹோஃபன் என்ற இடத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், பொடி இழை கொண்டது, மேடு பள்ளம் இல்லாமல் அரைபடக்கூடியது. (ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் இறகுப் படிமம் 1861ல் வெளியுலகுக்குத் தெரிய வந்ததும் இதே கல்லில்தான். அந்தப் பறவையின் அறிவியல் பெயரின் பின்பாதி 'லித்தோகிராஃபிகா' என்றே அமைந்தது.) 1790களின் இறுதியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர், தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சடிக்க வழி தேடியபோது, இந்தக் கல்லின் குணத்தைக் கண்டுகொண்டார். எண்ணெய்ப் பசையையும் நீரையும் இந்தக் கல் ஒன்றுபோல் ஏற்கும். பசை பட்ட இடம் நீரைத் தள்ளும். நீர் பட்ட இடம் பசையைத் தள்ளும். தொழில் முழுக்க இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. மரச்செதுக்கில் மேடு மை வாங்கும். செப்புத்தகட்டில் பள்ளம் மை வாங்கும். கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

முதலில் கல்லை அரைக்க வேண்டும். ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து, நடுவே மணலும் நீரும் விட்டு, எட்டுப்போல் சுழற்றிச் சுழற்றி அரைத்தால் பழைய படம் போகும். சீரான சொரசொரப்பு வரும். எங்கள் வகுப்பில் மணலுக்குப் பதில் கார்பரண்டம் பொடி. மற்றதெல்லாம் ஹாக் காலத்து முறைதான். ஒன்றரை அடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனம் என்றால் கல் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும். அரைத்த கல்லின் மேல் மெழுகு, சோப்பு, கொழுப்பு, விளக்குக்கரி கலந்த கிரேயானால் வரைய வேண்டும். கை படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைக் கூட கல் குடித்துவிடும். மேகத்துக்கு நடுவே உங்கள் கைரேகை அச்சாகும். அதனால் கல்லுக்கு மேலே பாலம்போல் ஒரு பலகையை வைத்து, அதில் கையை ஊன்றிக்கொண்டு வரைவோம். தப்பாகிவிட்டால் ரப்பர் கிடையாது. கத்தியால் சுரண்டலாம், சுரண்டிய இடத்தில் சொரசொரப்பு போய்விடும், மறுபடி அங்கே கிரேயான் சரியாகப் பிடிக்காது.

வரைந்து முடித்தபின் வேலம்பிசினில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசி, காயவிட்டு, டர்பன்டைனால் துடைப்போம். அந்த நிமிடத்தில் படம் மறைந்துவிடும். நாள்கணக்கில் வரைந்தது போய்க் கல் வெறுமையாக நிற்கும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஈரத்துணியால் கல்லை நனைத்து, மை தோய்த்த ரோலரை மெல்ல உருட்டினால், ஒவ்வொரு உருட்டுக்கும் படம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அந்த நேரத்தில் வகுப்பில் யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொரு விஷயம்: கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். அச்சில் அது திரும்பும். ஹாக்கின் இடக்கையைப் பற்றி நான் நெடுநாள் யோசித்தது இதனால்தான். வலக்கைக்காரர் இயல்பாகப் போடும் சாய்கோடு வலப்பக்கம் மேலேறும். இடக்கைக்காரரின் கோடு இடப்பக்கம் மேலேறும். தாளில் வரைந்தால் அது உடனே தெரிந்துவிடும். கல்லில் வரைந்து அச்செடுத்தால் கோடு திரும்பிக்கொள்ளும். வலக்கைக்காரர் போட்டதாகவே நிற்கும். ஓவியர்களில் எந்தக் கைக்காரரின் சாய்கோடு அச்சில் பழக்கமான திசையில் விழும் என்று கேட்டால், இடக்கைக்காரரின் கோடுதான். பதினாறு, பதினேழு வயதில் இந்தத் தொழிலுக்குள் நுழைந்த ஊனக்கைப் பையனுக்கு, உலகத்தில் தன் கைக்கென்றே ஒரு கல் இருக்கிறது என்று தோன்றியிருந்தால் நான் வியக்கமாட்டேன்.

1820களில் லண்டன் வந்தார். துர்னேயில் அவரிடம் கல்லச்சு பழக வந்த ஓர் ஆங்கிலேய இளைஞர்தான் அங்கே வரச் சொன்னவர். லண்டனில் அப்போது இந்தத் துறையின் பெரிய பெயர் சார்லஸ் ஹல்மண்டெல். அவருக்குப் போட்டியாக எழுந்த அச்சுக்கூடம் வில்லியம் டே என்பவருடையது. ஹாக் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். 'டே அண்ட் ஹாக்' என்ற பெயர்ப்பலகை லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அருகே கேட் தெருவில் ஏறியது. விக்டோரியா முடிசூடியபின் 'அரசியின் கல்லச்சுக்காரர்கள்' என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் வந்தது. டே அச்சு, கணக்கு, வாடிக்கையாளர் என்று பார்த்தார்; ஹாக் கல்லைப் பார்த்தார். தம்பி சார்லஸ் ஹாக்கும் வந்து சேர்ந்தார். ஜான் குக் போர்ன் வரைந்த லண்டன்–பர்மிங்ஹாம் ரயில்பாதைப் படங்கள் 1839ல் அச்சானது இந்தக் கூடத்தில்தான். மண்வெட்டியோடு நிற்கும் கூலிகளும் பாதி தோண்டிய சுரங்கமும் அவற்றில் இருப்பதைப் பார்த்தால், புது இங்கிலாந்து எழும்பும் சத்தமே கேட்கும்.

அந்த 1839 ஜூலையில்தான் டேவிட் ராபர்ட்ஸ் கீழை நாட்டுப் பயணம் முடித்து இங்கிலாந்து திரும்பினார். எடின்பரோ அருகே ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, நாடக மேடைக்குத் திரை வரைந்து, பிறகு ஓவியராக உயர்ந்தவர் அவர். 1838 செப்டம்பரில் எகிப்தில் இறங்கி, நைல் நதியில் படகேறி நூபியா வரை போய், அங்கிருந்து சினாய், பெட்ரா, ஜெருசலேம், பால்பெக் என்று வரைந்துகொண்டே சுற்றினார். கெய்ரோவின் மசூதிகளுக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடைத்தது. பன்றிமுடித் தூரிகையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது நிபந்தனை. நியாயமான நிபந்தனை. 270க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பியவருக்கு ஒரு பதிப்பாளர் தேவைப்பட்டார். மற்றவர்கள் செலவைக் கண்டு தயங்கியபோது ஃபிரான்சிஸ் கிரஹாம் மூன் முன்வந்து, படங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு ராபர்ட்ஸுக்கு 3,000 பவுண்டு தந்தார். முழு வேலைக்கும் 50,000 பவுண்டு வரை ஆகும் என்று அன்று பேசிக்கொண்டார்கள். விக்டோரியா அரசியே சந்தாதாரர் ஆனார்.

அத்தனை பணத்தையும் மூன் ஒருவரின் கையை நம்பித்தான் போட்டார் என்பேன். ராபர்ட்ஸின் படங்கள் விற்க வேண்டுமானால், அவை நூற்றுக்கணக்கான பிரதிகளாக வேண்டும். ஒவ்வொரு பிரதியும் நீர்வண்ண ஓவியத்தின் காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். செப்புத்தகட்டில் செதுக்கினால் கோடு துல்லியமாக வரும்; பாலைவன வெளிச்சம் வராது. கல்லில்தான் வரும். அதைக் கல்லில் கொண்டுவர ஹாக்.

1842 முதல் 1849 வரை பகுதி பகுதியாக 'புனித பூமி', 'எகிப்தும் நூபியாவும்' என்று அந்தத் தொகுதிகள் வெளிவந்தன. மொத்தம் 250 படங்களுக்குச் சற்றுக் குறைவு. எட்டாண்டுகளுக்கு வகுத்தால் மாதத்துக்கு இரண்டரைப் படம். பெரிய படங்கள் ஏறக்குறைய இருபது அங்குல அகலம் கொண்டவை. என் மாணவர்களில் மிகத் திறமையானவருக்கு, அதில் பாதி அளவுப் படம் ஒன்றை ஒழுங்காகக் கல்லில் முடிக்க ஒரு பருவம் போய்விடும். ஹாக்குக்கு இது தவிர அச்சுக்கூடத்தின் மற்ற வேலைகளும் இருந்தன.

ராபர்ட்ஸ் கொண்டுவந்தவை பயண ஓவியங்கள். பென்சில் கோட்டின் மேல் விரைவான நீர்வண்ணம். அவற்றைக் கல்லில் ஏற்றும்போது ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டும். இந்த நிழல் எவ்வளவு கறுப்பு? தொலைவில் உள்ள மலையைக் கிரேயானின் முனையால் தொடுவதா, பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்ப்பதா? தூணின் மேல் உள்ள சித்திர எழுத்துகளில் எவற்றைத் தெளிவாக்குவது, எவற்றை வெயிலில் கரைய விடுவது? அது மட்டுமல்ல. கறுப்புக்கு ஒரு கல் போக, வண்ணச்சாயலுக்கு இன்னொரு கல், சில படங்களுக்கு மூன்றாவதும் உண்டு. மஞ்சள் கலந்த மணல் நிறம் ஒரு கல்லிலிருந்து வரும்; வானத்தின் நீலச் சாம்பல் இன்னொன்றிலிருந்து. அந்தச் சாயல் கல்லில் ஹாக் கத்தியால் சுரண்டி விட்ட இடங்களில் தாளின் வெள்ளை அப்படியே தெரியும். ஒட்டகக்காரரின் தலைப்பாகை, நைலின் மேல் ஒரு கீற்று, மேகத்தின் விளிம்பு ஆகியவையெல்லாம் வரைந்தவை அல்ல, சுரண்டி விட்டவை. கெய்ரோவின் வெயில் என்று நாம் நினைப்பது, லண்டன் கேட் தெருவில் ஒரு கத்தி நுனி சுரண்டி எடுத்த இடம்.

எகிப்துக்குப் போகாதவர் ஹாக். அந்த வெயில் அவர் தோலில் பட்டதில்லை. கட்டடத்தின் எலும்பு எப்படி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், கட்டடக் கலைஞரின் வீட்டில் பிறந்தவர் என்பதால். நீர்வண்ணம் எங்கே தேங்கும், எங்கே மெலியும் என்பது தெரியும், தாமே நீர்வண்ண ஓவியர் என்பதால். ராபர்ட்ஸ் இதை உணர்ந்து பாராட்டினார். தாமும் ஓவியராக இருக்கும் ஒருவரால் மட்டுமே இந்தப் படங்களை இத்தனை துணிவோடு கல்லுக்கு மாற்ற முடியும் என்ற கருத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். தொகுதியின் முகப்புப் பக்கத்திலும் ஹாக்கின் பெயர் அச்சாகியிருக்கிறது. ராபர்ட்ஸோ மூனோ அவரை மறைக்கவில்லை.

பிறகு எப்படி மறைந்தார்? என் பதில்: ஓரத்தை வெட்டியதால்.

அந்தத் தொகுதிகள் பல தரங்களில் விற்றன. விலை உயர்ந்தது, கையால் வண்ணம் தீட்டிய பதிப்பு. அச்செடுத்த படத்துக்கு ஒவ்வொன்றாகத் தூரிகையால் வண்ணமிட்டு, படத்தின் விளிம்போடு தாளை வெட்டி, கனமான அட்டையில் ஒட்டித் தருவார்கள், அசல் நீர்வண்ண ஓவியம்போல் தோன்ற வேண்டும் என்பதற்காக. அப்படி வெட்டும்போது கீழ் ஓரம் போய்விடும், 'எல். ஹாக், லித்.' என்ற வரியும் அதோடு போய்விடும். மற்றத் தொகுதிகளையும் பிற்கால வியாபாரிகள் பிரித்துத் தனித்தனிப் படமாக விற்றார்கள். சட்டம் போட்டவர்கள் ஓரத்தை மறைத்தார்கள். அவற்றைப் படம் பிடித்து அட்டையிலும் சுவரிலும் போட்டவர்கள் ஓவியரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முகப்புப் பக்கம் எங்கோ ஒரு நூலகத்தில் தங்கிவிட்டது. வண்ணமிட்ட கைகளின் பெயர்களோ எங்கேயும் அச்சாகவில்லை.

ஹாக்கின் எல்லா வேலையையும் நான் கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். 1842ல் அவரும் தம்பியும் சேர்ந்து கல்லில் வரைந்த ஒரு தொகுதி ஆப்கானிஸ்தானைப் பற்றியது. மூலப் படங்கள் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ராணுவ மருத்துவருடையவை; காபூல் மீது படையெடுத்த பிரிட்டிஷ் இந்திய சேனையோடு போனவர் அவர். போலன் கணவாயில் ஒட்டகங்களும் பீரங்கிகளும் நெளிந்து நெளிந்து ஏறும் காட்சி அற்புதமாக இருக்கும். அந்தச் சேனையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். அதே 1842 ஜனவரியில்தான் காபூலிலிருந்து பின்வாங்கிய படை பனியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் அழிந்தது. படங்களில் பனியில் விறைத்த சிப்பாய் இல்லை. அட்கின்சன் அந்த அழிவுக்கு முன்பே திரும்பிவிட்டார். ஹாக் தமக்கு வந்ததை வரைந்தார். ஆனாலும், தூர தேசத்தை அழகாக்கி லண்டன் வரவேற்பறையில் வைக்கும் வேலையை இந்தக் கல் நிறையச் செய்தது என்பதை அதன் ஆசிரியை என்ற முறையில் நான் சொல்லாமல் விடக்கூடாது.

அவர் தமக்காகவே செய்த வேலை 'பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் வரைந்தவை' என்ற மூன்று தொகுதிகள். 1840, 1845, 1850 ஆண்டுகளில் வந்தன. வரைந்தவரும் அவரே, கல்லில் ஏற்றியவரும் அவரே. ஃபிளாண்டர்ஸ் நகரமன்றங்களின் செதுக்கு வேலை நிறைந்த கணப்படுப்புகள், தேவாலயங்களுக்குள் கல்லில் நெய்த சரிகைபோல் நிற்கும் தடுப்புச் சுவர்கள். துர்னே பேராலய நிழலில் வளர்ந்தவரின் கை இதில் நன்றாகத் தெரியும். உள்ளே நடமாடும் மனிதர்களுக்குப் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு உடை மாட்டிவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. அது எனக்குப் பிடித்தமானதல்ல. கட்டடம் உண்மையாக நிற்கும்போது, அதற்குள் வேடம் போட்டவர்கள் எதற்கு?

1852ல் அவர் கல்லச்சை விட்டார். கடைசியாகச் செய்த பெரிய வேலைகளில் ஒன்று இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவின் 25 படங்கள். சுல்தான் அப்துல் மஜீதின் ஆணைப்படி அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்த சுவிஸ் கட்டடக் கலைஞர் கஸ்பார் ஃபொசாட்டி வரைந்தவற்றை ஹாக் கல்லில் ஏற்றினார். மாடத்திலிருந்து கீழே பார்க்கும் காட்சியில் குவிமாடத்தின் பரப்பும், தரையில் எறும்பளவு மனிதர்களும், இடையே நிறைந்த மங்கிய வெளிச்சமும் வேறு எந்தக் கல்லச்சிலும் நான் பார்க்காதவை. அதே 1852ல் பாரிஸில் மாக்சிம் துகாம் எகிப்து, நூபியா, பாலஸ்தீனம், சிரியா பற்றிய 125 புகைப்படங்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டார். அபூ சிம்பலுக்கு இனிக் கல் தேவையில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம்.

விட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். லண்டன் ராயல் அகாடமி, செதுக்கு ஓவியர்களை முழு உறுப்பினராக ஏற்றதே 1855ல்தான். அசலை வரைபவர் கலைஞர், அதை அச்சுக்கு மாற்றுபவர் கைவினைஞர் என்ற பிரிவினை அவ்வளவு இறுக்கம். ஹாக் 1835லேயே புதிய நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் சேர்ந்து படங்களைக் காட்சிக்கு வைத்துவந்தார். 1839ல் வரைந்த 'கோர்த்ரேயில் போர் ஆலோசனை' என்ற நீர்வண்ண ஓவியத்தை ராபர்ட் வெர்னன் வாங்கி, தம் சேகரிப்போடு நாட்டுக்குக் கொடுத்தார். அது இன்றும் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லை விட்டபின் முப்பது ஆண்டுகள் முழுநேர நீர்வண்ண ஓவியர். 1873 முதல் 1884 வரை அந்தச் சங்கத்தின் தலைவர். பெல்ஜிய அரசு லெயோபோல்ட் விருது தந்தது. 1885 மார்ச் 9 அன்று, எழுபத்தொன்பது நிறைய எட்டு நாள் இருக்கையில், லண்டனில் காலமானார்.

மரியாதை எல்லாம் கிடைத்தது. நீர்வண்ண ஓவியருக்குக் கிடைத்தது. அந்த நீர்வண்ணங்கள் நன்றானவை. ஆனால் அவர் தொட்ட உச்சம் கல்லில்தான் என்பது என் முடிவு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் எகிப்தை எப்படிக் கற்பனை செய்தது என்பதைத் தீர்மானித்தது கோர்த்ரே ஓவியம் அல்ல. அந்தக் கற்களோ நமக்கு இல்லை. வேலை முடிந்த கல்லை அரைத்து அடுத்த படத்துக்குக் கொடுப்பதுதான் அச்சுக்கூட வழக்கம். ஒருவரின் தலைசிறந்த படத்தின் மேல் ஒரு விலைப்பட்டியலே வந்து உட்காரலாம்.

அவர் விலகிய கூடம் 'டே அண்ட் சன்' என்று தொடர்ந்தது. புனித பூமித் தொகுதியைப் போலவே இந்தியாவைப் பற்றி 250 படங்கள் வெளியிட வேண்டும் என்ற பெரிய ஆசை அவர்களுக்கு. அதற்காக வில்லியம் சிம்ப்சன் 1859ல் இங்கே அனுப்பப்பட்டு, இமயம் முதல் தெற்கு வரை சுற்றி வரைந்தார். நிறுவனம் நொடித்துப்போனது. 1867ல் ஐம்பது படங்கள் மட்டுமே வண்ணக் கல்லச்சாக வந்தன. முன்பு ஒரே மனிதர் ஏந்திய சுமையை ஒரு நிறுவனம் ஏந்தப் பார்த்ததாகவே எனக்கு அந்தக் கதை படுகிறது. கூடத்தில் இயந்திரங்கள் இருந்தன. அவர்களிடம் ஹாக் இல்லை.

கல்லில் வரைந்தவரின் பெயர் மறைந்த கதை நம் பக்கமும் உண்டு. 1894ல் பம்பாயில் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் தெரிந்தவர்களும் வந்தார்கள். அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் போனது. ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை நடத்தினார். நம் வீட்டுப் பூஜையறைக்கு வந்து சேர்ந்த லட்சுமியும் சரஸ்வதியும் அந்தக் கற்களில் வரைந்து எடுத்தவை. ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்கள். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, அந்தச் சிவப்புப் புடவையில் எது இளஞ்சிவப்புக் கல்லுக்கு, எது மஞ்சள் கல்லுக்கு என்று பிரித்துப் புள்ளிபுள்ளியாக வரைந்த கைகள் யாருடையவை? ஹாக்குக்காவது ஒரு பொடி எழுத்து வரி இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டில் தாத்தா பாட்டி காலத்துக் கல்லச்சுப் படம் ஏதாவது இருக்கும். சட்டம் உளுத்துப் போய், கண்ணாடி மாற்றக் கடைக்குக் கொண்டுபோவீர்கள். புதுச் சட்டத்துக்குப் பொருந்த ஓரத்தை வெட்டட்டுமா என்று கடைக்காரர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். கீழ் ஓரத்தில் மங்கலாக அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். சிலவற்றில் வரைந்தவரின் பெயரும் இருக்கும். அதையும் சேர்த்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால், படத்தின் பின்புறம் பென்சிலால், எந்த வீட்டிலிருந்து, எந்த ஆண்டில், யார் வாங்கியது என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். அச்சில் உழைத்தவர்களைப் பற்றி இனி எழுத வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்.